இரைச்சலுக்குள் ஒளிந்து பேசினால் எத்தனை பிட் தேறும்? வர்க்கமூல விதி, எண்களோடு

சிதறல்:
ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரத்தில் (அகன்ற அலைவரிசையில் பரப்பி அனுப்பும் முறை) சிக்னலை இரைச்சல் மட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டால் மூன்றாவது ஆளுக்கு அது தெரியவே தெரியாது என்று பல பாடக்குறிப்புகளில் பார்க்கிறேன். ஜிபிஎஸ்ஸே அப்படித்தான் வருகிறது. அப்படியானால் பரப்பும் அளவைக் கூட்டிக்கொண்டே போய், குறைவான ஆனால் நிலையான வேகத்தில் காலம் முழுக்க மறைவாகப் பேசலாமே? "வர்க்கமூல விதி" (மறைவாக அனுப்பக்கூடிய பிட்டுகள் மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலமாகவே வளரும் என்பது) அதை மறுக்கிறது என்கிறார்கள். 1 மெகாஹெர்ட்ஸ் அகலம், 1 வினாடி என்று வைத்துக்கொண்டால் உண்மையில் எத்தனை பிட் கிடைக்கும்? சூத்திரமாக வேண்டாம், எண்ணாகச் சொல்லுங்கள்.

இரைச்சல்தளம்:
முதலில் ஜிபிஎஸ்ஸைத் தள்ளி வைப்போம். அதன் எல்1 சி/ஏ (பொதுமக்களுக்கான) சிக்னல் தரையில் குறைந்தபட்சம் −128.5 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). 2 மெகாஹெர்ட்ஸில் வெப்ப இரைச்சல் −111 டிபிஎம். கிட்டத்தட்ட 17 டெசிபெல் கீழே இருக்கிறது, சரி. ஆனால் அது ஒளிந்திருக்கவில்லை. "கீழே இருப்பது" வேறு, "இருக்கிறதா என்று முடிவு செய்ய முடியாமல் இருப்பது" வேறு. கேட்பவர் போதுமான மாதிரிகளைச் சேர்த்துவிட்டால் கீழே இருப்பதும் மேலே வந்துவிடும்.

ஆலிஸ் அனுப்புகிறார், பாப் பெறுகிறார், வில்லி காவல் காக்கிறார். என்ன பேசுகிறார்கள் என்பது வில்லிக்குத் தேவையில்லை. பேசுகிறார்களா இல்லையா என்பது மட்டுமே தேவை. அவர் இரண்டு வகையில் தவறலாம்: ஒன்று பொய் எச்சரிக்கை, மற்றொன்று தவறவிடல். இரண்டின் நிகழ்தகவுகளையும் கூட்டினால் 1 வந்தால், நாணயம் சுண்டி முடிவு சொல்பவருக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லை. அந்தக் கூட்டுத்தொகை 0.9-க்குக் கீழே போகக் கூடாது என்று வைப்போம். பின்ஸ்கர் சமனின்மைப்படி, "சும்மா இரைச்சல்" பரவலுக்கும் "சிக்னலும் இரைச்சலும்" பரவலுக்கும் இடையிலான சார்பு என்ட்ரோபி (இரு பரவல்களும் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவு) 0.02 நாட்டுக்குள் (நாட்: இயல் மடக்கையில் அளக்கும் தகவல் அலகு) இருந்தால் இது நிச்சயம். இந்த 0.02-தான் நமக்குள்ள மொத்த பட்ஜெட்.

இனி கணக்கு. இரைச்சலின் சக்தியை 1 என்று வைத்து, சிக்னலின் சக்தி ச, மெய்யெண் மாதிரிகள் ம என்க. ச சிறியதாக இருக்கும்போது சார்பு என்ட்ரோபி ம×ச²÷4. ஆகவே ச = 2×√(0.02÷ம). 1 மெகாஹெர்ட்ஸ், 1 வினாடி என்றால் ம = 20 லட்சம் (அலையின் இரு செங்குத்துக் கூறுகளான ஐ, க்யூ இரண்டும் சேர்த்து). ச = 0.0002, அதாவது −37 டெசிபெல். கடத்தக்கூடிய தகவல் ம×ச÷2 = 200 நாட், அதாவது 288 பிட்.

இப்போது 100 வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். ச 10 மடங்கு குறைய வேண்டும் (−47 டெசிபெல்). கிடைப்பது 2,885 பிட். நேரம் 100 மடங்கு, பிட் 10 மடங்கு. 10,000 வினாடியில் 28,850 பிட். சராசரி வேகம் 288, 29, 2.9 என்று இறங்கிக்கொண்டே போகிறது. எந்த நிலையான வேகமும், எவ்வளவு சின்னதானாலும், ஒரு நாள் மாட்டிக்கொள்ளும். பாஷ், கோகல், டவுஸ்லி மூவரும் 2013-ல் வெளியிட்ட முடிவின் சாரம் இதுதான். முன்னிருக்கும் குணகத்தைத் துல்லியமாக வரையறுத்தவை 2016-ல் வந்த ப்ளாக்கின் கட்டுரையும் வாங், வோர்னெல், ஜெங் கட்டுரையும்.

இந்தக் கணக்கில் பாப்புக்கும் வில்லிக்கும் ஒரே இரைச்சல், ஒரே பாதை இழப்பு.

அலைமானி:
மேலே உள்ளதை ரேடியோ வானியலாளர்கள் வேறு பெயரில் தினமும் பயன்படுத்துகிறார்கள். ரேடியோமீட்டர் சமன்பாடு: கண்டறியக்கூடிய மிகச் சிறிய வெப்பநிலை மாற்றம் = அமைப்பு வெப்பநிலை ÷ √(அகலம்×நேரம்). 1 மெகாஹெர்ட்ஸ், 1 வினாடிக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்கு, −30 டெசிபெல். ஆலிஸின் 0.0002 அந்த அலகில் 0.2 சிக்மா (திட்ட விலக்கம்). 0.2 சிக்மா நகர்வை வைத்து வில்லி தீர்மானித்தால் அவருடைய தவறுகளின் கூட்டுத்தொகை 0.92. பின்ஸ்கர் சொன்ன 0.9-க்குப் பக்கத்திலேயே வருகிறது.

கவனிக்க வேண்டியது: வில்லி இதைச் செய்ய ஆலிஸின் குறிமுறை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாங்கியதை வர்க்கப்படுத்திக் கூட்டும் ஒரு பெட்டி (ரேடியோமீட்டர்) போதும்.

சிதறல்:
அங்கேதான் எனக்கு இடிக்கிறது. வர்க்கப்படுத்திக் கூட்டும் பெட்டிக்கு இரைச்சல் மட்டம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டுமே? தாந்த்ரா, சஹாய் இருவரும் 2008-ல் காட்டியது: இரைச்சல் மட்டத்தில் 0.1 டெசிபெல் நிச்சயமின்மை இருந்தாலே −13.4 டெசிபெலுக்குக் கீழே ரேடியோமீட்டர் எவ்வளவு நேரம் கூட்டினாலும் பயனில்லை. 1 டெசிபெல் என்றால் சுவர் −3.3-லேயே வந்துவிடும். எந்த ரிசீவரின் இரைச்சல் மட்டம் 0.1 டெசிபெலுக்குள் தெரியும்? அப்படிப் பார்த்தால் −37 டெசிபெலுக்கு இறங்க வேண்டிய அவசியமே இல்லை, 23 டெசிபெல் சும்மா கிடைக்கிறது. நிலையான வேகமும் சாத்தியம்.

அலைமானி:
சுவர் உண்மைதான். ஆனால் அது வில்லி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது உள்ள சுவர். டிக்கி 1946-லேயே ஆன்டெனாவையும் ஒரு குறிப்புச் சுமையையும் மாற்றி மாற்றி இணைத்து, ரிசீவரின் ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டார். அதற்கான விலை சுமார் இரு மடங்கு உணர்திறன் இழப்பு, அவ்வளவுதான். வில்லி பக்கத்து அலைவரிசையோடு ஒப்பிடலாம். முந்தைய வினாடியோடு ஒப்பிடலாம். கோகலும் மற்றவர்களும் 2016-ல் இதைத்தான் ஆராய்ந்தார்கள்: இரைச்சல் மட்டம் தெரியாத வில்லியும் கையில் உள்ள மாதிரிகளிலிருந்தே அதை மதிப்பிட முடிந்தால் வர்க்கமூல விதி திரும்பி வந்துவிடுகிறது.

இன்னொன்று. மட்டம் தெரியாமை ரேடியோமீட்டரை மட்டும்தான் குருடாக்கும். பிபிஎஸ்கே (பிட்டுக்கேற்ப அலையை நேராகவோ தலைகீழாகவோ அனுப்பும் முறை) அனுப்பினால், வாங்கிய சிக்னலை வர்க்கப்படுத்தியதும் இரு மடங்கு கேரியர் அதிர்வெண்ணில் ஒரு கோடு எழும். இரைச்சல் எந்த மட்டத்தில் இருந்தாலும் அதில் அந்தக் கோடு இருக்காது. சிப் (பரப்பும் குறிமுறையின் ஒரு துண்டு) வேகத்துக்கும் இதே கதிதான்: தாமதப்படுத்திப் பெருக்கினால் கோடு வந்துவிடும். 23 டெசிபெல் சும்மா கிடைத்தது என்று ஏறி நிற்பவரை முதலில் காட்டிக்கொடுப்பது இந்த மாதிரி அடையாளங்கள்தான்.

இரைச்சல்தளம்:
பிபிஎஸ்கே பற்றி ஒரு வரி கூடுதலாக. அனைத்துச் சக்தியையும் ஒரே அச்சில் வைப்பதால் அதே பட்ஜெட்டுக்கு பிட் √2 மடங்கு குறையும். சக்தியை இரு அச்சிலும் பகிரும் க்யூபிஎஸ்கேயில் இந்த இழப்பு இல்லை. குறைந்த சக்தியில் அது காஸியன் (இரைச்சலைப் போலவே தோன்றும்) குறிமுறைக்கு இணையாகவே நிற்கிறது. மறைவுக்கு பிபிஎஸ்கேயைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் கிடையாது.

நிலையான வேகம் நிஜமாகவே வேண்டுமானால் வில்லி மதிப்பிடவே முடியாத இரைச்சல் வேண்டும். சோபர்ஸ் குழு 2017-ல் காட்டிய வழி: ஒரு ஜாமர் (வேண்டுமென்றே இரைச்சல் வீசும் கருவி), ஒவ்வொரு காலத் துண்டிலும் தன் சக்தியைத் தற்செயலாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஆலிஸ் எப்போது பேசுகிறார் என்று ஜாமருக்கும் தெரியாது. பக்கத்துத் துண்டை வைத்து இந்தத் துண்டை மதிப்பிட வில்லியால் முடியாது. அப்போது பிட்டுகள் மாதிரி எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் வளரும். வில்லியிடம் இரண்டு ஆன்டெனா இருந்து, ஜாமர் திசையில் சுழியை (ஆன்டெனா கேட்காத திசையை) வைத்துவிட்டால் இந்த ஆதாயம் கரையத் தொடங்கும். அதனால் ஒரே இடத்தில் நிற்கும் ஒற்றை ஜாமரை நம்பி வடிவமைப்பது எனக்கு ஒப்பவில்லை.

குறிமுறை:
ரகசியச் சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. மேலே சொன்ன 288 பிட்டுக்கு ஒவ்வொரு சிப்பையும் தற்செயல் சாவியால் குலைத்தால், க்யூபிஎஸ்கேயில் சிப்புக்கு 2 பிட் வீதம் வினாடிக்கு 20 லட்சம் சாவி பிட், அதாவது 250 கிலோபைட் செலவாகும். 36 பைட் செய்திக்கு! சாவியை ஏஇஎஸ் (குறியாக்க நெறி) கவுண்டர் முறையில் ஒரு சிறிய சாவியிலிருந்து உருவாக்கலாம். நடைமுறையில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அப்போது பாதுகாப்பு கணிப்புச் சிக்கலை நம்பி நிற்கிறது, தகவல் கோட்பாட்டை அல்ல.

சிக்கனமான வழி உண்டு: சிக்னலை எல்லா மாதிரிகளிலும் மெல்லத் தூவாமல், சில இடங்களில் மட்டும் வைப்பது. பிட் புரளும் சேனலில் (ஒவ்வொரு பிட்டும் ஒரு நிகழ்தகவோடு 0, 1 மாறிப்போகும் பாதை) பார்த்தால் தெளிவாகத் தெரியும். புரளும் நிகழ்தகவு 0.11, மாதிரி 10 லட்சம், பட்ஜெட் அதே 0.02. ஆலிஸ் வைக்கக்கூடிய "1"-களின் எண்ணிக்கை வெறும் 80. இரைச்சலே சுமார் 1,10,000 "1"-களை உண்டாக்குகிறது, அதன் திட்ட விலக்கம் 313. ஆலிஸின் 80 அந்த எண்ணிக்கையை 63 நகர்த்தும், மறுபடியும் அதே 0.2 சிக்மா. அந்த 80-இல் ஏறும் தகவல் சுமார் 189 பிட்.

பாஷ் குழுவின் முதல் கட்டுமானத்தில் சாவி √ம × மடக்கை ம அளவில் தேவைப்பட்டது: சுமார் √ம இடங்கள், ஒவ்வோர் இடத்தையும் குறிக்க மடக்கை ம பிட். ப்ளாக் அதை √ம அளவுக்குக் குறைத்தார். பாப்பின் சேனல் வில்லியின் சேனலைவிட நன்றாக இருந்தால் சாவியே தேவையில்லை. சே, பக்ஷி, ஜக்கி 2013-ல் பிட் புரளும் சேனலுக்குக் காட்டியதும் இதுவே. வில்லியின் சேனல் நன்றாக இருந்தால், சாவியின் நீளம் இரு சேனல்களின் சார்பு என்ட்ரோபி வித்தியாசத்துக்கு விகிதமாக இருக்கும்.

ஓரங்களில் நிற்கும் சேனல்களையும் மறக்கக் கூடாது. ஆலிஸ் "1" அனுப்பினால் மட்டுமே வரக்கூடிய ஒரு வெளியீடு வில்லியிடம் இருந்தால் கதை முடிந்தது, ஒரு தடவை வந்தாலே மாட்டிக்கொள்வார். அப்படிப்பட்ட வெளியீடு பாப்பிடம் மட்டும் இருந்தால் √ம-க்கு மேல் ஒரு மடக்கை மடங்கு கூடும்.

சிதறல்:
எப்போது பேசுகிறோம் என்பதையே மறைத்தால்? ஒரு நாளில் ஏதோ ஒரு வினாடி மட்டும்.

குறிமுறை:
அதற்கும் தேற்றம் இருக்கிறது. பாஷ், கோகல், டவுஸ்லி மூவருடையதே: துண்டுகளின் எண்ணிக்கை து என்றால் பிட்டுகள் √(ம × மடக்கை து) அளவில் வளரும். ஒரு நாளில் 86,400 வினாடி, இயல் மடக்கை 11.4, வர்க்கமூலம் 3.4. மூன்று மடங்கு சொச்சம்தான், அதுவும் குணகங்களைக் கணக்கில் எடுக்காமல். எந்த வினாடி என்பதை பாப்புக்கு முன்கூட்டியே சொல்ல 17 பிட் சாவி. 17 பிட் சாவிக்கு இவ்வளவு கிடைப்பது மலிவுதான்.

எதிர்ப்பக்கம்: தினமும் அதே வினாடியில் பேசி, வில்லிக்கு அந்த வினாடி தெரிந்துவிட்டால், பட்ஜெட் கூடிக்கொண்டே போகும். நாளுக்கு 0.02 வீதம் 100 நாள் என்றால் 0.2 சிக்மா 2 சிக்மா ஆகிறது. தவறுகளின் கூட்டுத்தொகை 0.92-இலிருந்து 0.32-க்கு விழும். 0.02 என்பது மொத்த உறவுக்கான பட்ஜெட். ஒரு செய்திக்கான பட்ஜெட் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட செயல்விளக்கங்களை நான் நம்புவதில்லை.

பட்டறை:
காகிதத்திலிருந்து மேசைக்கு வருவோம். 900 மெகாஹெர்ட்ஸ், வில்லி 1 கிலோமீட்டரில், நடுவில் தடை எதுவும் இல்லை, அவருடைய இரைச்சல் எண் (ரிசீவர் தானே சேர்க்கும் இரைச்சல்) 3 டெசிபெல். 1 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல் −111 டிபிஎம். ஆலிஸின் சிக்னல் அங்கே −148 டிபிஎம்மாக இருக்க வேண்டும். பாதை இழப்பு 91.5 டெசிபெல். ஆகவே வீசும் சக்தி −56.5 டிபிஎம், சுமார் 2 நானோவாட். வீட்டுச் சாதனங்கள் தற்செயலாகக் கசியவிடலாம் என்று அமெரிக்காவின் எஃப்சிசி (தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) அனுமதிக்கும் வரம்பு இந்த அலைவரிசையில் 3 மீட்டரில் 200 மைக்ரோவோல்ட்/மீட்டர். மாற்றிப் பார்த்தால் 12 நானோவாட். அதாவது உங்கள் ரேடியோவை ஓட்டும் கணினிக்குச் சட்டப்படி உள்ள கசிவு உரிமையே உங்கள் சிக்னலைவிட 5 மடங்குக்கு மேல்.

இதிலிருந்து வரும் தொல்லைகள், முக்கியமானது முதலில்:

ஆசிலேட்டர் கசிவு. நேரடி மாற்ற டிரான்ஸ்மிட்டரில் டிஜிட்டல் பக்கத்தில் வீச்சைக் குறைத்தால் சிக்னல் குறையும், கேரியர் கசிவு குறையாது. ஒரே கோடாக நிற்கும் கசிவை வில்லி 1 வினாடி எஃப்எஃப்டி (அதிர்வெண்வாரியாகப் பிரிக்கும் கணக்கு) எடுத்தால் 60 டெசிபெல் ஆதாயம். கசிவும் −37 டெசிபெலில் இருந்தால், கோடு தளத்துக்கு மேலே 23 டெசிபெல் நிமிர்ந்து நிற்கும். அது −70-க்குக் கீழே போக வேண்டும், அதாவது சிக்னலைவிட 33 டெசிபெல் கீழே. வழி: டிஏசியை (டிஜிட்டல் எண்களை அலையாக்கும் சில்லு) முழு வீச்சில் ஓட்டி, மிக்சருக்குப் பிறகு அட்டெனுவேட்டரில் குறைப்பது. அப்போது கசிவும் சேர்ந்து குறையும். ஐ/க்யூ டிசி அளவுத்திருத்தத்தை வெப்பநிலை நிலைத்த பிறகு செய்ய வேண்டும்.

தொடக்க, முடிவுத் துள்ளல். ஆம்ப்ளிஃபையரை இயக்கும் கணம் ஒரு அகன்ற அலைக்கற்றைச் சொடுக்கு. எப்போதும் இயங்கவிட்டு, பேஸ்பேண்டை மெல்ல ஏற்றி இறக்குங்கள். எப்போதும் இயங்கினால் அதன் வெளியீட்டு இரைச்சலும் எப்போதும் இருக்கும். அது வில்லியின் "சும்மா இரைச்சல்" கணக்கில் சேர்ந்துவிடுவதால் கேடில்லை.

சக்தி மதிப்பீட்டில் பிழை. வில்லிக்கு உள்ள இழப்பை 3 டெசிபெல் கூடுதலாகக் கணித்துவிட்டால் ச இரு மடங்கு, பட்ஜெட் செலவு 4 மடங்கு. 0.02 இல்லை, 0.08. பிரதிபலிப்பு ஒன்று கூடிச் சேர்ந்தாலே 3 டெசிபெல் வந்துவிடும்.

ஒத்திசைவு. 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.5 பங்கு) பிழை உள்ள படிகம் 900 மெகாஹெர்ட்ஸில் 450 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். கோஹரன்ட்டாக (கட்டம் பிசகாமல்) கூட்டக்கூடிய நேரம் அரை மில்லிவினாடி. −37 டெசிபெலில் அரை மில்லிவினாடி கூட்டினால், 500 கலப்பு மாதிரிக்கு ஆதாயம் 27 டெசிபெல், இன்னும் −10. பாப்பால் சேனலையே பார்க்க முடியாது. பைலட் (பாப்புக்கு முன்பே தெரிந்த குறி) அனுப்பலாம், ஆனால் அதுவும் அதே பட்ஜெட்டிலிருந்துதான். இரு பக்கமும் ஜிபிஎஸ்ஸால் கட்டுப்படுத்திய ஆசிலேட்டர் வைத்து 10⁻¹⁰ அளவுக்குக் கொண்டுவந்தால் 0.09 ஹெர்ட்ஸ், ஒரு வினாடியில் சுமார் 32 பாகை. அதைச் சமாளிக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு 288 பிட் வராது. 288 என்பது பிட்டுக்கு −1.59 டெசிபெல் என்ற ஷானன் எல்லை. சிறிய பிளாக், நடைமுறை டிகோடர், ஒத்திசைவு இழப்பு எல்லாம் சேர்த்து சுமார் 4.6 டெசிபெல் வைத்துக்கொண்டால் கிடைப்பது 100 பிட்.

இரைச்சல்தளம்:
பட்டறையின் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிட்டுகள் நேரத்தின் வர்க்கமூலமாக வளர்கின்றன, ஆனால் இட அனுகூலத்தில் நேர்விகிதமாக. வில்லி பாப்பைவிட 10 டெசிபெல் நெருக்கமாக இருந்தால் 100 பிட் 10 ஆகிவிடும். அதை நேரத்தால் ஈடுகட்ட 100 மடங்கு காத்திருக்க வேண்டும். வில்லி பக்கம் சுழி வைக்கும் ஆன்டெனா 10 டெசிபெல் தந்தால், அதே 100 மடங்கு நேரத்தை மிச்சப்படுத்துகிறது. எந்தப் புதிய குறிமுறையும் இவ்வளவு தராது. செலவழிக்கக் காசு இருந்தால் ஆன்டெனாவில் போடுங்கள்.

சிதறல்:
தொடர்பு சரி. ரேடாருக்கும் இதே விதியா? சத்தமில்லாமல் ஒரு பொருளை அளந்து பார்ப்பது?

எதிரொலி:
விதி அதே, நிலைமை இன்னும் மோசம். மறைவாக அனுப்பக்கூடிய மொத்த ஆற்றல் √ம அளவில்தான் வளர்கிறது என்பதால், கட்டம் அளக்கும்போது சராசரி வர்க்கப் பிழை 1÷√ம வேகத்தில்தான் குறையும். சாதாரண அளவீட்டில் 1÷ம. ஒளியியல் உணர்வுக்கு பாஷ், ககட்ஸோஸ், தத்தா, குஹா நால்வரும் 2017-ல் நிறுவியது.

ரேடாரில் சோகம் என்னவென்றால், வில்லி பெரும்பாலும் இலக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒருவழி இழப்பு, உங்களுக்கு இருவழி. எதிரொலிக்கும் வில்லி பெறுவதற்கும் உள்ள விகிதம் = உங்கள் பெறும் ஆன்டெனா ஆதாயம் × இலக்கின் குறுக்குவெட்டு (எதிரொலிக்கும் பரப்பு) ÷ (4×பை×தூர வர்க்கம்), வில்லியின் ஆன்டெனா எல்லாத் திசையும் சமமாகக் கேட்கும் என்று வைத்தால். ஆதாயம் 30 டெசிபெல், குறுக்குவெட்டு 10 சதுர மீட்டர், தூரம் 10 கிலோமீட்டர் எனில் −51 டெசிபெல்.

அதே 0.02 பட்ஜெட்டில், 1 மெகாஹெர்ட்ஸ் 1 வினாடிக்கு வில்லியிடம் சேரும் மொத்த ஆற்றல் இரைச்சல் அலகில் 400. இலக்கைக் கண்டறிய 13 டெசிபெல், அதாவது 20 வேண்டும். எதிரொலி நேர்சிக்னலைவிட 13 டெசிபெல்தான் குறைந்திருக்கலாம். நமக்கோ 51 குறைகிறது. இந்த 38 டெசிபெலை √ம வழியாக ஈடுகட்ட நேரம் 4 கோடி மடங்கு: ஓராண்டுக்கு மேல். 1 கிலோமீட்டரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். தேவைப்படும் நேரம் தூரத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. அகலத்தை 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் 1 கிலோமீட்டருக்கு 40 வினாடி. இலக்கு அசையாமல் நின்றால்.

எனவே "குறைந்த இடைமறிப்பு" என்று விற்கப்படும் ரேடார்கள் எல்லாம் வில்லியின் அறியாமையை நம்பித்தான் ஓடுகின்றன: அகலம் தெரியாது, திசை தெரியாது, இரைச்சல் மட்டம் தெரியாது. அது தப்பில்லை, ஆனால் அதைத் தேற்றம் என்று சொல்லக் கூடாது. நிஜமாக ஒளிய வேண்டுமானால் அனுப்பவே அனுப்பாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் கிளைன் ஹைடல்பெர்க், பிரிட்டனின் செயின் ஹோம் ரேடார் வீசிய அலைகளின் எதிரொலியையே கேட்டு விமானங்களைக் கண்டது. இன்று எஃப்எம், டிஜிட்டல் டிவி கோபுரங்களை வைத்து அதையே செய்கிறார்கள். சார்பு என்ட்ரோபி சுழியம். பட்ஜெட் கேள்வியே எழவில்லை.

ஃபோட்டான்:
ஒளியியலில் ஒரு விசேஷம். இழப்பு மட்டும் உள்ள, வெப்ப இரைச்சலே இல்லாத பாதையில், தப்பிய ஃபோட்டான் அனைத்தும் குவாண்டம் அளவீட்டு வல்லமை உள்ள வில்லிக்குப் போனால், மறைவு சாத்தியமே இல்லை. இருட்டில் ஒரு ஃபோட்டான் வந்தாலே அது ஆலிஸ்தான். கொஞ்சம் வெப்ப இரைச்சல் இருந்தால்தான் √ம கிடைக்கும். 2015-ல் பாஷ் குழு ஒளியியல் மேசையில், பல்ஸ் நிலைப் பண்பேற்றத்தை (துடிப்பு வரும் நேரமே தகவல்) வைத்து √ம போக்கை அளந்து காட்டினார்கள். ஆலிஸும் பாப்பும் முன்கூட்டியே குவாண்டம் பின்னல் (என்டாங்கிள்மென்ட்) நிலைகளைப் பகிர்ந்திருந்தால் √ம × மடக்கை ம வரை போகலாம் என்று 2020-ல் ஒரு முடிவு. அதற்கேற்ற ரிசீவரைக் கட்டுவது தனிப் பாடு.

சிதறல்:
அப்போது 1 மெகாஹெர்ட்ஸ் 1 வினாடி கேள்விக்கு "100 பிட், வில்லி பாப் அளவு தூரத்தில், ஒரே ஒரு தடவை" என்று வைத்துக்கொள்ளலாமா? வில்லிகள் நாலு பேர் என்றால்?

இரைச்சல்தளம்:
வைத்துக்கொள்ளலாம். நாலு பேரும் அதே தூரத்தில், தனித்தனி இரைச்சலோடு, அளவுகளைப் பகிர்ந்துகொண்டால் சார்பு என்ட்ரோபி 4 மடங்கு. ச-வைப் பாதியாக்குங்கள். 50 பிட்.